லத்தீனோ என்று விளம்பரத்துக்குச் சொன்னது யார்?

ஃபேஸ்புக்கில் கணக்குத் தொடங்கும்போது பெயர், பிறந்த தேதி, பாலினம் எல்லாம் கேட்பார்கள். இனம் என்ன என்று கேட்பதில்லை. ஆனாலும் 2016-ல் அமெரிக்காவில் அங்கே விளம்பரம் கொடுக்க வந்த எவரும், ‘ஹிஸ்பானிக் மக்களுக்கு மட்டும் காட்டு’ என்று ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தவர்களை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் என்றும் லத்தீனோ என்றும் சொல்வார்கள். அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்பிரிவுகளும் இருந்தன: ஸ்பானிஷ் அதிகம் புழங்குவோர், இரண்டு மொழியும் புழங்குவோர், ஆங்கிலம் அதிகம் புழங்குவோர். யாரும் சொல்லாத ஒன்று எப்படித் தெரிந்தது?

நடத்தையை வைத்துத்தான். மளிகைக் கடை அண்ணாச்சி யாரிடமும் எதுவும் விசாரிப்பதில்லை. வாங்கும் சாமானைப் பார்த்தே வீட்டில் விரதமா, விருந்தா என்று சொல்லிவிடுவார். தளமும் அப்படித்தான் கவனிக்கிறது: எந்தப் பக்கங்களுக்கு லைக் போடுகிறீர்கள், எந்த மொழிப் பதிவில் நின்று படிக்கிறீர்கள், எதைத் தள்ளிவிடுகிறீர்கள். நட்பு வட்டமும் நிறையக் காட்டிக்கொடுக்கும். தம்மைப் போன்றவர்களோடுதான் மனிதர்கள் அதிகம் பழகுகிறார்கள் என்பதைச் சமூகவியலாளர்கள் லாசர்ஸ்ஃபெல்டும் மெர்ட்டனும் 1954-லேயே எழுதி, அதற்கு ‘ஹோமோஃபிலி’ என்று பெயரும் வைத்தார்கள். இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பு சொன்ன இந்த உண்மை இன்றைய விளம்பரத் தொழிலுக்கு அடித்தளம்.

இத்தனைக்கும் லத்தீனோ என்பது ஒரே அச்சில் வார்த்த கூட்டம் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அவர்கள் 6.2 கோடிப் பேர், ஏறக்குறைய 19 சதவீதம். லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோ வழியினர், மயாமியில் கியூபா வழியினர், நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வந்தவர்கள் என்று சமையலும் அரசியலும் பேச்சும் வேறுபடும். அமெரிக்காவிலேயே பிறந்த பேரப்பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம்தான் முதல் மொழி. ஸ்பானிஷில் ஒரு விளம்பரம் போட்டால் எல்லாரையும் எட்டிவிடலாம் என்று நினைக்கும் வணிகர் இவர்களில் பாதிப் பேரைப் புரிந்துகொள்ளவில்லை என்பேன்.

சரி, விற்பதற்கு ஊகித்தால் என்ன கெடுதல்? சேர்க்க உதவும் பெட்டி விலக்கவும் உதவும். 2016 அக்டோபரில் ப்ரோபப்ளிக்கா செய்தி நிறுவனம், கறுப்பின, ஆசிய, ஹிஸ்பானிக் மக்களுக்குக் காட்டாதே என்று குறித்து, வீடு சம்பந்தமான ஒரு விளம்பரத்தைக் கொடுத்துப் பார்த்தது. ஃபேஸ்புக் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டு விளம்பரத்தில் இனப் பாகுபாடு காட்டுவதை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வழக்குகள் வந்தன. 2019-ல் வீடு, வேலை, கடன் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2020-ல் அந்த இனவாரிப் பிரிவுகளையே நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது.

பெட்டி போனது. ஊகம் போகவில்லை. இங்கேதான் விளம்பர ஏலத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். நீங்கள் திரையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் பல விளம்பரங்கள் அந்த ஒரு இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அதிகப் பணம் தருபவர் அப்படியே ஜெயித்துவிடுவதில்லை. தரத் தயாராக இருக்கும் விலையை, ‘இந்த ஆள் இதைத் தட்டுவாரா?’ என்ற நிகழ்தகவால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்துக்கும் மதிப்பெண் சேர்த்து, மொத்தத்தில் முந்துவதைக் காட்டுகிறார்கள். அந்த நிகழ்தகவைக் கணிப்பது இயந்திரக் கற்றல். உங்களைப் போல நடந்துகொள்பவர்கள் முன்பு எதைத் தட்டினார்கள் என்பதே அது படிக்கும் பாடம். லத்தீனோ என்ற சொல்லே அதற்குத் தேவையில்லை.

நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2019-ல் இதைச் சோதித்தார்கள். வேலை விளம்பரங்கள் பலவற்றை ஒரே இலக்குக் கூட்டத்துக்கு வெளியிட்டார்கள். மரம் வெட்டும் தொழிலுக்கான விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 72 சதவீதம் வெள்ளையர்கள், 90 சதவீதம் ஆண்கள். டாக்சி நிறுவன வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 75 சதவீதம் கறுப்பின மக்கள். அப்புறம் இன்னொன்று செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்: மனிதக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் படங்களை மங்கலாக்கி வெளியிட்டார்கள். பார்ப்பவருக்கு வெறும் வெள்ளைக் கட்டம். அப்போதும் ஆண்களுக்குரியது என்று கருதப்படும் படங்கள் ஆண்களிடமே அதிகம் போய்ச் சேர்ந்தன. ஆக, பார்த்தவர்களின் விருப்பம் அங்கே வேலை செய்யவில்லை. இயந்திரம் படத்தைப் படித்து, யாருக்குக் காட்டலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

இதைத் திருத்தவும் ஊகம்தான் தேவைப்பட்டது. அமெரிக்க நீதித் துறையோடு 2022-ல் செய்த உடன்பாட்டின்படி, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, வீட்டு விளம்பரங்களில் ஒரு சரிபார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. விளம்பரத்தைப் பார்த்தவர்களின் கலவையும், பார்க்கத் தகுதியான கூட்டத்தின் கலவையும் விலகினால், ஏலத்தில் அந்த விளம்பரத்தின் போக்கை மாற்றும்படி அதை அமைத்தார்கள். பார்த்தவர்களின் இனத்தை எப்படி அளப்பது? குடும்பப் பெயர், வசிக்கும் பகுதி இரண்டையும் பேய்ஸ் தேற்றத்தால் (புதுத் தகவல் வரும்போது நிகழ்தகவைத் திருத்தும் கணித விதி) இணைத்து. 2010 கணக்கெடுப்பில் கார்சியா என்ற பெயர் கொண்டவர்களில் 92 சதவீதம் பேர் ஹிஸ்பானிக். அங்கே பெயரே போதும். மார்ட்டின் என்ற பெயரோ ஸ்பானிஷிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. அவர் ஹிஸ்பானிக் மக்கள் நிறைந்த டெக்சாஸின் லரேடோ நகரில் இருந்தால் நிகழ்தகவு கூடும், அவர்கள் குறைவாக உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் இருந்தால் குறையும்.

தவறும் நேரும். 1849-ல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா போட்ட ஆணையால் பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் ஸ்பானியக் குடும்பப் பெயர்களைச் சுமக்கிறார்கள். திருமணத்தால் பெயர் மாறிய பெண்கள் எந்தப் பக்கமும் தவறலாம். தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்த முறை லாயக்கில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியை அளக்கும்போது பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சமன்செய்யும் என்பதால், அங்கே மட்டும் பயன்படுத்தலாம். சரிபார்ப்பு பிறகு வேலை, கடன் விளம்பரங்களுக்கும் விரிந்தது. கார், உணவு, படிப்பு என்று மற்ற எதற்கும் அந்தச் சரிபார்ப்பு வரவில்லை. அங்கே நிகழ்தகவுக் கணக்கு முன்பு போலவே ஓடுகிறது.