வர்க்கமா, வகுப்பா?

சொத்தையும் வருமானத்தையும் வைத்துச் சமூக நிலையைச் சொல்லும் ‘கிளாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘வகுப்பு’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வது? போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பஸானின் ‘நெக்லஸ்’ சிறுகதை. 1884இல் வெளிவந்தது. குமாஸ்தா குடும்பத்தில் பிறந்து, குமாஸ்தாவுக்கே வாழ்க்கைப்பட்ட மத்தில்த் ‘தன் வகுப்பிலிருந்து வீழ்ந்தவளைப் போல’ வருந்தினாள் என்று கையில் கொடுத்த மொழிபெயர்ப்புத் தாளில் இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: “அவர்கள் என்ன வகுப்பு, சார்? பி.சி.யா?” எல்லாரும் சிரித்தார்கள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

லத்தீனில் ‘கிளாஸிஸ்’. பழைய ரோமில் குடிமக்களைச் சொத்து மதிப்பின்படி பிரித்த பிரிவு. ஆக, அது பிறந்ததே சொத்துக் கணக்கில். ‘வகுப்பு’, வகு என்ற வினையிலிருந்து வந்தது. ‘வர்க்கம்’ வடசொல், கூட்டம், இனம் என்று பொருள். ககர வருக்கம், வர்க்கமூலம் எல்லாம் அதன் பிள்ளைகள்.

வகுப்புதானே தூய தமிழ் என்பார்கள். தூய தமிழ்தான், யார் இல்லை என்றது? ஆனால் சொல்லுக்குப் பிறப்பு மட்டும் போதுமா, வாழ்ந்த வாழ்க்கை வேண்டாமா? 1921இல் சென்னை மாகாணத்தில், அரசு வேலைகளைச் சாதி, மதவாரியாகப் பங்கிட வகுப்புவாரி ஆணை வந்தது. பிறகு பிற்படுத்தப்பட்ட வகுப்பு, வகுப்புக் கலவரம், வகுப்புவாதம். நூறு ஆண்டாக இந்தச் சொல் சாதியையும் மதத்தையும்தான் சுமக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டால், ரயிலில் மட்டும் அது பணத்தைக் குறிக்கிறது.

இந்தக் கதையிலோ விபரீதம் இரட்டிப்பு. பிரெஞ்சு மூலத்தில் அடுத்த தொடரே, பெண்களுக்குச் சாதியும் இல்லை குலமும் இல்லை, அழகும் நளினமும்தான் அவர்களுக்குப் பிறப்பு என்று போகிறது. வர்க்கம் வேறு, சாதி வேறு என்று மாப்பஸான் அடுத்தடுத்து வைத்ததை நம் ‘வகுப்பு’ ஒரே குழியில் தள்ளி மூடிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களில் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். இவர்களுக்கு மத்தில்த் ‘ஏழைப் பெண்’. வீட்டு வேலைக்கு ஒரு பெண் வைத்திருக்கிறாள். கணவன் துப்பாக்கி வாங்க 400 பிராங்க் சேர்த்து வைத்திருக்கிறான். இதுவா ஏழ்மை? தோழியிடம் இரவல் வாங்கித் தொலைத்த நகைக்குப் பதிலாக 36,000 பிராங்குக்கு வேறொன்று வாங்கி, வேலைக்காரியை நிறுத்தி, கூரையடி அறைக்குக் குடிபோய், காசு காசாகப் பேரம் பேசிப் பத்து வருடம் கடன் அடைக்கிறார்களே, அது ஏழ்மை. முதல் பக்கத்திலேயே ஏழையாக்கிவிட்டால் கடைசிப் பக்கத்துக்கு என்ன மிச்சம்?

மேல்தட்டு, அடித்தட்டு நல்ல தமிழ், நானும் எழுதுகிறேன். ஆனால் ‘தட்டு’ உயரத்தை மட்டுமே சொல்லும். ‘தட்டுப் போராட்டம்’ என்று எழுதிப் பாருங்கள், கடையில் பாத்திரம் உருளும். கோட்பாட்டுக்கு வர்க்கம்தான். பாட்டாளி என்ற தமிழும் வர்க்கம் என்ற வடமொழியும் சண்டையில்லாமல் எத்தனை காலமாகக் குடித்தனம் நடத்துகின்றன!

கதையில் அதுவும் வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு ‘வாழ்ந்து கெட்டவளைப் போல’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அவள் அப்படி வாழ்ந்ததே இல்லை; அந்தப் ‘போல’வில்தான் அவள் வலியே இருக்கிறது. மொழிபெயர்த்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் கிளாஸ் எங்கே, ஐயா?” என்றார்.