எத்தனை வாட் என்பது இரண்டாவது கேள்வி

வீட்டில் ஒரு லேசர் மிஷினைப் போட்டு பெயர்ப்பலகை, கீசெயின், கல்யாண நினைவுப் பரிசு என்று பொறித்து விற்கலாம் என நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் வாங்கணும்?" என்றுதான். விற்கிறவர்களும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த ஒளி என்ன நிறம்? ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கம் இருந்துகொண்டு இந்தத் தொழிலைத் தொடங்குகிறவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். இங்கே கைக்கு எட்டுகிற சரக்கு பனை ஓலை, சிரட்டை, சங்கு. எல்லாவற்றையும் ஒரே ஒளியால் பொறித்துவிட முடியாது.

முதல் லேசரை 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். மாணிக்கப் படிகம் ஒன்றிலிருந்து வந்த சிவப்பு ஒளி அது. சாதாரண விளக்கொளியில் பல நிறங்கள் கலந்திருக்கும், எல்லாத் திசையிலும் சிதறும். லேசர் ஒளி கிட்டத்தட்ட ஒரே அலைநீளம், ஒரே திசை. அதனால் லென்ஸ் வைத்து அதை மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்க முடிகிறது. விஷயம் முழுக்க அந்தக் குவிப்பில்தான் இருக்கிறது. 10 வாட் என்பது பெரிய திறன் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 10 வாட்டும் 0.1 மி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் விழுந்தால், உச்சி வெயிலைப் போல சுமார் 10 லட்சம் மடங்கு செறிவு வந்துவிடும். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நல்ல வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் அளவு, இது சதுர மீட்டருக்கு 100 கோடி வாட்.

இந்தச் சூட்டில் மரம் உருகுவதில்லை. 300 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் செல்லுலோஸ் சிதைந்து, பெரும்பகுதி புகையாகவும் ஆவியாகவும் போய்விடுகிறது. மிஞ்சுவது கரி. நாம் பார்க்கிற கறுப்புக் கோடு அந்தக் கரிதான்.

ஆனால் இதெல்லாம் பொருள் அந்த ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டால்தான். வீட்டில் வைக்கிற மலிவான மிஷின்களில் இருப்பது டையோடு லேசர். அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், அதாவது நீல நிறம். ஒரு பொருள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? வெள்ளை ஒளியில் உள்ள நீலத்தை அது விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. காய்ந்த ஓலை மஞ்சள், மரம் பழுப்பு, சிரட்டை கரும்பழுப்பு. மூன்றும் நீல லேசருக்கு நல்ல தீனி. நிறமற்ற அக்ரிலிக் வழியாக இதே ஒளி தங்கு தடையின்றிப் போய், அடியில் இருக்கிற மேசையைச் சுட்டு வைக்கும். 5 வாட்டுக்குப் பதில் 20 வாட் வாங்கினாலும் மேசைதான் இன்னும் ஆழமாகச் சுடும்.

கண்ணாடி, நிறமற்ற அக்ரிலிக் என்று போனால் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேண்டும். இதை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். இதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு ஜன்னலாகத் தெரிகிற அக்ரிலிக் இந்த ஒளிக்குச் சுவர். உலோகங்களில் பெரும்பாலானவை இந்த ஒளியைத் திருப்பி அடித்துவிடும், அதற்கு 1,064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் தனி. புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

வாட் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில விளம்பரங்களில் வருகிற "40 வாட்" மிஷின் உறிஞ்சும் மின்சாரத்தின் கணக்கு. வெளியே வருகிற ஒளித்திறன் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பாதி கூட இருக்காது.

சரி, சரக்குக்கு வருவோம். பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் கீறல் மட்டும் போட்டால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, மேலே கரி தடவித் துடைக்க வேண்டும். லேசர் கீறும்போதே கரியையும் உண்டாக்கிக்கொள்கிறது. அந்தச் சௌகரியத்தோடு ஓர் ஆபத்தும் உண்டு. ஓலை மெல்லியது. திறன் கொஞ்சம் கூடினாலும், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் எழுத்து ஓட்டையாகிவிடும். ஓலை நரம்புக்கு இணையாக ஓடுகிற நீளக் கோடு ஆழமாகப் போனால் அந்த இடத்திலேயே கிழியும். தரமான ஓலையில் கை வைக்கும் முன், கழிவு ஓலையில் திறனைப் பக்கவாட்டிலும் வேகத்தை மேலிருந்து கீழாகவும் மாற்றி மாற்றிக் கட்டங்கள் சுட்டுப் பாருங்கள். எந்தக் கட்டம் கறுத்தும் ஓட்டையாகாமலும் இருக்கிறதோ அதுவே உங்கள் அளவு. ஓலை ஈரமாக இருந்தால் இந்த அளவு மாறிவிடும். லேசரின் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும், அப்புறம்தான் ஓலைக்கு வரும்.

சிரட்டையில் சிக்கல் வேறு, அதன் வளைவு. லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் கூர்மையாகக் குவிக்கும். ஓரிரு மி.மீ. தள்ளினாலே புள்ளி பெருக்கும். புள்ளியின் விட்டம் இரண்டு மடங்கானால் செறிவு கால்பங்காகிவிடும். 5 செ.மீ. ஆரமுள்ள சிரட்டையில் 4 செ.மீ. அகலத்துக்குப் பெயர் பொறித்தால், நடு எழுத்துக்கும் ஓர எழுத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 4 மி.மீ. நடுவில் கருகும், ஓரத்தில் மங்கும். அதே பெயரை 2 செ.மீ. அகலத்துக்குள் அடக்கினால் வித்தியாசம் 1 மி.மீ.தான். பெரிய எழுத்து வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், சிரட்டையைத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று தவணையாகப் பொறிக்க வேண்டியதுதான்.

சங்கு வெள்ளை. நீல ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மேலே கறுப்புச் சாயம் பூசிச் சுடுகிறார்கள், ஓரளவு பலிக்கும். கார்பன் டை ஆக்சைடு லேசரை அது நன்றாக வாங்கிக்கொள்ளும். சங்கு என்பது கால்சியம் கார்பனேட், நடுநடுவே மெல்லிய புரத அடுக்குகள். முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை வந்தால் அது அந்தப் புரதம். சூடு 800 டிகிரியைத் தாண்டும்போது கார்பனேட் சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. கிளிஞ்சல் சூளையில் நடக்கிற அதே வேதியியல், ஊசி முனை அளவில். ராமேஸ்வரம் கடைத்தெருவில் சங்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு என்பதால் ஆசை வருவது இயல்பு. எந்தச் சங்கு என்பதில் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. பவளம், கடல் விசிறி, சில சங்கு, சிப்பி வகைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கரையில் கிடந்ததை எடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி உப்புக் காற்று. இந்தக் கரையில் மிஷினுக்கு முதல் எதிரி அதுதான், யூடியூப் வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆக, மிஷின் மேல் படிகிற உப்பு முழுசாகக் காய்வதே அரிது. இரும்புத் தண்டில் துரு, சர்க்யூட் போர்டில் பச்சைப் படிவு, லென்ஸில் மங்கல். லென்ஸின் மேல் உள்ள படலம் ஒளியை உறிஞ்சிச் சூடாகி லென்ஸையே கெடுத்துவிடும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் உப்புத் துகள் கீறிவிடும். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட மென்பஞ்சு போதும். வேலை முடிந்ததும் மிஷினை மூடி வையுங்கள், உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பை போடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு மிஷின் என்றால் தண்ணீரும் பிரச்சினை. அந்தக் கண்ணாடிக் குழாயைத் தண்ணீர் ஓட விட்டுக் குளிர்விக்கிறார்கள், உள்ளே ஓடுவது பல ஆயிரம் வோல்ட். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு, உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் குழாயை விட்டுத் தண்ணீர் வழியே பாய்ந்தால் குழாய் போச்சு, ஆளுக்கும் ஆபத்து. காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். மே மாத வெயிலில் வாளித் தண்ணீரும் சூடேறிவிடும், தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாமல் ஓட்டுவது வீண் செலவில்தான் முடியும்.

புகைக் குழாயை எந்தச் சுவரில் விடுவது என்று கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்குச் சுவரில் விட்ட குழாயில் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். வாடைக் காற்று அடிக்கும்போது வடக்குச் சுவரில் அதே கதை. இரண்டு பக்கமும் துளை வைத்து மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிவிசியும் பிவிசி பூசிய ரெக்சினும் மிஷினுக்குள் போகவே கூடாது. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். இந்த ஈரக் காற்றில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி நுரையீரலையும் இரும்பையும் சேர்த்து அரிக்கும். சந்தேகமிருந்தால், வீட்டுக்கு வெளியே நின்று, நன்றாகச் சூடாக்கிய செம்புக் கம்பியை அந்தப் பொருளில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதைத் தூரப் போடுங்கள்.

நீல லேசர் கருவிழியைத் தாண்டி விழித்திரையில் குவியும், சிதறி வருகிற ஒளிகூடக் கெடுதல். அந்த அலைநீளம் குறிப்பிட்டு விற்கிற ஆரஞ்சுக் கண்ணாடி வேண்டும், கூலிங் கிளாஸ் உதவாது. பிள்ளைகள் ஓடியாடுகிற வீடென்றால் மூடியுள்ள மிஷினாகவே வாங்குங்கள்.

கடைசியாக விலை. லேசர் ஒரு படத்தை வரிவரியாகச் சுடுகிறது. வரி இடைவெளி 0.1 மி.மீ. என்றால் 10 செ.மீ. சதுரப் படத்துக்கு 1,000 வரிகள், மொத்தம் 100 மீட்டர் ஓட்டம். நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் 33 நிமிடம். அதே படத்தை 20 செ.மீ. ஆக்கச் சொன்னால் வாடிக்கையாளர் இரண்டு மடங்கு விலை தருவார், நேரமோ நான்கு மடங்கு, 2 மணி 13 நிமிடம். தீப்பிடிக்கும் வாய்ப்பு இருப்பதால் அவ்வளவு நேரமும் மிஷினை விட்டு நகர முடியாது. அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும்.