டிக்டேட்டர்: சொல்லும் பொருளும்

1940இல் வெளிவந்த 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஒரு சின்னக் காட்சி. டொமேனியா என்ற கற்பனை நாட்டின் தலைவன் ஹிங்கெல், அதாவது ஹிட்லர் மீசை வைத்த சாப்ளின், கடிதம் சொல்கிறான். ஒரு பெண் தட்டச்சு செய்கிறாள். ஜெர்மன் போல ஒலிக்கும் ஏதோ ஒரு பிதற்றலை அவன் நீட்டி முழக்குகிறான். அவள் தட்டுவது நாலைந்து எழுத்துதான். அடுத்து அவன் ஒரே ஒரு சொல்லை உதிர்க்க, டைப்ரைட்டர் வரிவரியாக ஓடுகிறது. ஹிங்கெலுக்கே ஒன்றும் புரியவில்லை.

சாப்ளின் அகராதியைப் புரட்டிவிட்டு இந்தக் காட்சியை எடுத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் டிக்டேட்டர் என்ற சொல்லின் வேர் இங்கேதான் வெளியே தெரிகிறது. லத்தீனில் 'டிக்கெரே' என்றால் சொல்லுதல். அதிலிருந்து வந்த 'டிக்டாரே', திரும்பத் திரும்பச் சொல்லுதல், சொல்லி எழுதவைத்தல். பள்ளியில் வாத்தியார் வைத்த 'டிக்டேஷன்' இதற்கு உடன்பிறப்பு. ரோமானிய அறிஞர் வாரோ இரண்டு காரணம் காட்டுகிறார்: கான்சல் (ரோமின் தலைமை ஆட்சியாளர்) பெயர் சொல்லி நியமிக்கும் ஆள்; எல்லோரும் எவன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டுமோ அந்த ஆள்.

ரோமில் அது வசைச்சொல் அல்ல, பதவிப் பெயர். போர், கலகம் போன்ற நெருக்கடியில் ஒருவரிடம் முழு அதிகாரமும் தரப்படும். அதிகபட்சம் 6 மாதம். ஏர் உழுதுகொண்டிருந்த சின்சினாட்டஸ் அழைத்து வரப்பட்டு, எதிரியை வென்று, 16ஆம் நாளே பதவியை விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். காலவரம்பை முதலில் உடைத்தவர் சுல்லா என்ற ரோமானியத் தளபதி. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் 'நிரந்தர டிக்டேட்டர்' ஆனார். அந்த மார்ச்சிலேயே கொல்லப்பட்டார். பிறகு அந்தப் பதவியையே ஒழித்துச் சட்டம் போட்டார்கள். பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

தமிழில் நாம் சொல்வது சர்வாதிகாரி. சர்வ, அதிகாரி இரண்டும் வடசொல். இதுவும் பிறக்கும்போது கெட்ட பெயரோடு பிறக்கவில்லை. ஹொய்சளர் கல்வெட்டுகளில் சர்வாதிகாரி என்பது பெரிய அமைச்சருக்குரிய பட்டம். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் போராட்டத்தை நடத்தும் தலைவருக்குச் சர்வாதிகாரி என்றே பெயர். ஒருவர் சிறைக்குப் போனால் அடுத்தவர் பொறுப்பேற்பார். ரோமானியர் பார்த்திருந்தால், நம்ம ஆள்தான் என்றிருப்பார்கள்.

தனித்தமிழில் எழுதுவோர் வல்லாட்சியர் என்கிறார்கள், ஆட்சிக்கு வல்லாட்சி. எனக்கு இது சரியாகவே படுகிறது, 'சொல்' என்ற வேர் இதில் வராது என்றாலும். கொடுங்கோலன் என்பதை மட்டும் இதற்கு ஈடாகப் போடக் கூடாது. கோல் வளைந்தால் கொடுங்கோல். முறையாகப் பட்டத்துக்கு வந்த மன்னனும் கொடுங்கோலன் ஆகலாம். 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்' என்று குறள் சொல்வது, கோலைக் கையில் வைத்துக்கொண்டே வழிப்பறிக்காரனைப் போலக் கேட்கும் அரசனைத்தான். டிக்டேட்டர் என்பது அதிகாரத்தின் அளவைச் சொல்வது, கொடுங்கோலன் என்பது அதன் குணத்தை. ஹிங்கெல் இரண்டும்தான், அது வேறு கதை. தன்னாட்சியும் உதவாது, அது சுயாட்சியைக் குறிக்கும் சொல்.

படத் தலைப்பை எப்படித் தமிழாக்குவது? 'மாபெரும் சர்வாதிகாரி' என்றுதான் பெரும்பாலும் கைக்கு வரும். ஆனால் அதில் 'கிரேட்' என்பதன் கிண்டல் செத்துவிடுகிறது. நிஜமாகவே பாராட்டுவது போல இருக்கிறது. 'அவன் மகா யோக்கியன்' என்று நாம் இழுத்துச் சொல்லும்போது 'மகா'வில் ஒரு நக்கல் வருமே, அது வேண்டும். என்னைக் கேட்டால், வடமொழியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்: 'மகா சர்வாதிகாரி'.