ஹோலின்னு நெனச்சது ஹோலி இல்ல

இங்கிலாந்துல அக்டோபர் கடைசி வந்துட்டா தோட்டத்துல கிட்டத்தட்ட எல்லாம் முடிஞ்ச மாதிரிதான், இலையெல்லாம் கொட்டி ஈரத்துல அழுகிக் கெடக்கும், அப்ப வேலியோரமா நடந்து போனா திடீர்னு மல்லிகை வாசனை. தேடினா பூ ஒண்ணும் கண்ணுல படாது. முள்ளு முள்ளா பச்சை இலையோட ஒரு புதர்தான் நிக்கும். பாக்குற பாதிப்பேர் ஹோலி (holly) செடின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, கிறிஸ்துமஸ் கார்டுல செவப்புப் பழத்தோட இருக்குமே அது. நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பேரு ஆஸ்மாந்தஸ் ஹெட்டரோஃபில்லஸ். சொந்த ஊர் ஜப்பான், தைவான் பக்கம், 1856ல தாமஸ் லாப்ங்கிறவர் பிரிட்டனுக்குக் கொண்டு வந்தாரு. ஜப்பான்காரங்க இத ஹீராகின்னு சொல்றாங்க, பிப்ரவரி ஆரம்பத்துல செட்சுபுன்ங்கிற பண்டிகை அன்னைக்கு இதோட குச்சில மத்தி மீன் தலையக் குத்தி வாசல்ல வைப்பாங்க, பேய் பிசாசு வராதாம். நம்ம ஊர்ல வாசல்ல கத்தாழை கட்டித் தொங்கவிடுறதில்லையா, அதே கதை.

ஹோலியா இதுவான்னு பாக்க கெளையப் பிடிச்சு இலை எப்படி மொளைச்சிருக்குன்னு பாருங்க. ஹோலில ஒரு இலை இந்தப் பக்கம், கொஞ்சம் மேல அடுத்தது அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி வரும். இதுல ஒரே கணுவுல ரெண்டு இலை எதிரெதிரா ஜோடியா நிக்கும். அவ்ளோதான், தப்பவே தப்பாது. பூ இருந்தா இன்னும் சுலபம்: இலை இடுக்குல அரிசி சைஸுல வெள்ளைப்பூ, நாலு இதழும் பின்பக்கமா சுருண்டிருக்கும், நடுவுல கேசரம், அதாவது மகரந்தம் இருக்குற காம்பு, ரெண்டே ரெண்டு. ஒரு பிச்சிப்பூவோட குழாயக் கிழிச்சுப் பாருங்க, அதுலயும் ரெண்டுதான். ஏன்னா மல்லிகை, ஆலிவ், இது எல்லாம் ஒரே குடும்பம். ஹோலிக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, முள் இலைங்கிற ஐடியாவுக்கு ரெண்டும் தனித்தனியா வந்து சேந்திருக்கு.

அந்த முள்ளு ஒரு தனி விஷயம். எளஞ்செடில எல்லா இலையும் குத்தும், வயசாக ஆக மேல வர்ற இலைங்க ஓரத்துல முள்ளே இல்லாம வழவழன்னு வரும், அடியில மட்டும் முள்ளு நிக்கும். ஹெட்டரோஃபில்லஸ்னாலே 'வேற வேற இலை'ன்னுதான் அர்த்தம். மான், ஆடு வாய் எட்டுற உயரம் வரைக்கும் காவல் போட்டா போதும், அதுக்கு மேல எதுக்கு வெட்டிச் செலவுன்னு பொதுவா வெளக்கம் சொல்றாங்க.

வளக்குறதுல, பலரும் பயப்படுற மாதிரி குளிர் பெரிய வில்லன் இல்ல, மைனஸ் 10 டிகிரி வரைக்கும் தாங்கிடும். உண்மையான ஆபத்து தாகம். மண்ணு உறைஞ்சு கெடக்கும்போது வேரால தண்ணி எடுக்க முடியாது, ஆனா இலை உதிராத செடிங்கிறதால வறண்ட காத்து அடிச்சா இலை வழியா தண்ணி போயிக்கிட்டே இருக்கும், கடைசில ஓரமெல்லாம் காஞ்சு பழுப்பாயிடும். அதனால கெழக்குல இருந்து வர்ற குளிர்ந்த வறண்ட காத்து நேரா அடிக்கிற எடத்துல நடாதீங்க, மொத ரெண்டு குளிர்காலத்துக்கு வேரச் சுத்தி மட்குன இலைய ரெண்டு மூணு அங்குலம் மூடிப் போடுங்க. தண்ணி தேங்காத மண்ணு, பாதி வெயில், இது போதும். மெதுவாத்தான் வளரும், பொறுமை இல்லாதவங்களுக்கு இது சரிப்படாது.

கத்தரிக்கிறதுல நான் வாங்குன அடி: ஒரு ஆகஸ்ட்ல வேலி ஒழுங்கா இருக்கட்டும்னு சீவித் தள்ளிட்டேன், அந்த வருஷம் ஒரு பூ இல்ல. இலை இடுக்குல தயாராகிக்கிட்டு இருந்த மொட்டையெல்லாம் நானே வெட்டிப் போட்டிருக்கேன். ஏப்ரல், மே மாசம் வெட்டினா புதுத்துளிர் வந்து மொட்டு வைக்க நேரம் கெடைக்கும். கருநீலமா குட்டி ஆலிவ் மாதிரி பழம் வரும்னு படிச்சிட்டு காத்துக்கிட்டு இருக்காதீங்க, சில செடில ஆண் பூ மட்டும்தான் பூக்கும், என் செடி அந்த ரகம்தான் போல.