அன்சர்ட்டன்டி: பிழையா, ஐயமா, உறுதியின்மையா?

அன்சர்ட்டன்டி என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் 'செர்ட்டுஸ்' என்ற லத்தீன் சொல். அது சலித்துப் பிரித்தலைக் குறிக்கும் 'செர்னெரே' என்ற வினையோடு உறவுடையது. அளவியலில் இச்சொல், அளக்கப்பட்ட அளவுக்கு உரியவை என்று நியாயமாகக் கொள்ளத்தக்க மதிப்புகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணைக் குறிக்கும்.

இதைத் தமிழில் 'பிழை' என்று எழுதும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். ஓர் இரும்புக் குண்டு 2 மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.64 விநாடி ஆனதாக அளந்தோம் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க, புவியீர்ப்பு முடுக்கம் 9.77 மீ/வி² என வரும். உயரத்தில் 2 மில்லிமீட்டரும் நேரத்தில் 0.01 விநாடியும் உறுதியற்றவை எனில், உயரத்தின் பங்கு 0.1 விழுக்காடுதான், நேரமோ வர்க்கமாக வருவதால் அதன் 1.6 விழுக்காடு இரட்டித்து 3.1 ஆகிறது. எனவே 9.8 ± 0.3 என்றுதான் முடிவை எழுத முடியும். அவ்விடத்து மெய்மதிப்பு 9.78 என்றால் நம் பிழை 0.01 மட்டுமே, ஆயினும் அது தற்செயலாக வாய்த்தது, அளப்பவருக்குத் தெரியாதது. அவர் சொல்லக்கூடியது 0.3 என்பதைத்தான். குண்டைப் பிடித்திருக்கும் மின்காந்தம் சற்றுத் தாமதமாக விடுவித்தால் நேரம் கூடி முடுக்கம் குறைந்து தோன்றும்; அது பிழை. அதைத் திருத்திய பிறகும் அத்திருத்தம் எவ்வளவு சரி என்பதில் எஞ்சுவது உறுதியின்மை.

'ஐயம்' அழகிய சொல். ஆனால் 'குற்றியோ மகனோ' (தெரிவது மரக்கட்டையா, மனிதனா) என்று உரையாசிரியர்கள் காட்டுவதுபோல் அது இரண்டில் எது என்று தடுமாறுவது, இங்கோ தொடர்ந்து நீளும் ஒரு வீச்சு பேசப்படுகிறது. 'நிச்சயமின்மை' ஹைசன்பர்க்கின் குவாண்டம் கொள்கையை நினைவூட்டிக் குழப்பும். ஆகவே 'அளவீட்டு உறுதியின்மை' என்பதே என் தேர்வு. ± என்ற குறிக்கும் தமிழில் 'ஏறக்குறைய' என்ற சொல் முன்பே உண்டு. ஏறவும் குறையவும் என்று இரு திசையையும் அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, எவ்வளவு என்பதை மட்டும் சொல்வதில்லை.

உறுதியின்மை அடைமொழிகளையும் இயல்பாக ஏற்கும். மேலே கண்ட 0.01 விநாடி திட்ட விலக்கமாக, அதாவது மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவாக, மதிப்பிடப்பட்டதென்றால், 0.3 என்பது திட்ட உறுதியின்மை; அதை இரட்டித்த 0.6, சுமார் 95 விழுக்காடு நம்பகத்துக்குரிய விரிவாக்கிய உறுதியின்மை. எதைக் குறிப்பிடுகிறோம் என்று எண்ணின் அருகிலேயே எழுதிவிட வேண்டும்.