மழை நன்றாக இருக்கும் என்று சொன்னாலும் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு போட்டுவிடுங்கள்

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ இந்திய வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும் என்று அறிவிக்கும். "இயல்பான மழை" என்று செய்தியில் வந்துவிட்டால் போதும், இந்த வருடம் காப்பீடு தேவையில்லை, அந்தப் பணத்தில் உரம் வாங்கிக்கொள்ளலாம் என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம், ஏனென்றால் அந்த அறிவிப்பு உங்கள் கிராமத்துக்குச் சொன்னதே இல்லை.

அது தென்னிந்தியத் தீபகற்பம் முழுவதற்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்லும் மொத்தக் கணக்கு. நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை எவ்வளவு பெய்தாலும் அதற்குப் பெயர் இயல்புதான். அந்த மழை பரவலாகப் பெய்யுமா, இரண்டே நாளில் கொட்டித் தீர்த்துவிடுமா என்பதெல்லாம் அதில் இருக்காது. 2023-ல் தமிழ்நாட்டின் பருவ மொத்தம் இயல்பை ஒட்டித்தான் இருந்தது, ஆனால் டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பெய்து, தாமிரபரணி கரையெங்கும் வயல்கள் மூழ்கின. 2016-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோய், 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவிக்க வேண்டி வந்தது.

சரி, காப்பீட்டுக்கு என்ன செலவாகும்? பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரிப் என்னும் முதல் பருவ உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் (பயிர் முழுவதும் போனால் கிடைக்கும் உச்சத் தொகை) 2 சதவீதம், ராபி என்னும் அடுத்த பருவத்துக்கு 1.5 சதவீதம், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு அதிகபட்சம் 5 சதவீதம். மீதி பிரீமியத்தை ஒன்றிய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சம்பா ராபியில் வருகிறது. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 540 ரூபாய். குத்தகைக்குப் பயிர் செய்பவர்களும் சேரலாம். பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் 2020 காரிப் முதல் இது கட்டாயமில்லை, ஆனால் வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரீமியம் கணக்கில் பிடிக்கப்படும். சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15-தான் கடைசித் தேதி. சில வருடம் நீட்டிப்பார்கள், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பதிவு செய்வது பொது சேவை மையத்திலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நடக்கும். அடங்கல் அல்லது விதைப்புச் சான்றை வி.ஏ.ஓ.விடம் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே சிட்டா, ஆதார், வங்கிப் பாஸ்புக். ரசீது கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, கணக்கு எண் எல்லாவற்றையும் ஒருமுறை படியுங்கள். பக்கத்துக் கிராமத்தின் பெயர் பதிவாகியிருந்தால் உங்கள் ஊருக்கு வரும் இழப்பீடு உங்களுக்கு வராது.

கிராமப் பெயர் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், வறட்சியோ வெள்ளமோ மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாக அல்லாமல் கிராம அளவில் கணக்கிடுவதுதான். பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதாவது சில வயல்களில் மட்டும் அறுத்து எடைபோட்டு, அந்தக் கிராமத்தின் சராசரி மகசூலை எடுத்து, முந்தைய வருடங்களை வைத்து நிர்ணயித்த உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். உத்தரவாதம் ஏக்கருக்கு 1,000 கிலோ, கிடைத்தது 600 கிலோ என்றால் குறைவு 40 சதவீதம், அதாவது 36,000-க்கு 14,400 ரூபாய். இதற்கு நீங்கள் தனியாக மனு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வயல் மட்டும் காய்ந்து ஊர் முழுக்க நன்றாக விளைந்திருந்தால் இந்த வழியில் பணம் கிடைக்காது. பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்று வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டு, கூட நின்று பாருங்கள் என்பேன். முழுக் கிராமத்தின் இழப்பீடும் அந்த எடையில்தான் இருக்கிறது.

மழையே வராமல் கிராமத்தின் பயிர்ப் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும், அத்தோடு அந்தப் பருவத்துக்கான காப்பீடு முடிந்துவிடும். பயிர் பாதியில் இருக்கும்போது எதிர்பார்க்கும் மகசூல் உத்தரவாதத்தில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால் இழப்பீட்டில் ஒரு பகுதியை முன்கூட்டியே தரவும் இடமுண்டு.

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போல ஒரு சில வயலை மட்டும் அடிக்கும் சேதத்துக்கும், அறுத்து வயலிலேயே காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ நனைவதற்கும் வேறு விதி. இதற்கு நீங்கள்தான் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணுக்கோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நெல் வயல் நீரில் மூழ்குவதை 2018-ல் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், டெல்டாக்காரர்களுக்கு அது பெரிய அடி. 2026 காரிப் பருவத்திலிருந்து அதை மறுபடியும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கான மாநில அரசின் அறிவிக்கையில் அது வந்திருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அப்புறம், பேரிடர் நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் சேதமானால் அரசு கணக்கெடுத்துத் தரும் நிவாரணத்துக்குப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை. நிவாரணம் வாங்கிவிட்டீர்கள், அதனால் காப்பீடு கிடையாது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் உங்களுக்கு உரிமை உண்டு.