காற்று எட்டாத மூலைகள்: பழைய பிக்கப் டிரக்கைத் துரு தின்னும் விதம்

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கிச் சீர்செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எத்தனை மைல் ஓடியது, புகை தள்ளுகிறதா, கியர் ஒழுங்காக விழுகிறதா என்பவை நியாயமான கேள்விகள்தாம். ஆனால் 1970களின் ஃபோர்டு எஃப்-100, செவ்ரோலே சி-10 போன்ற வண்டிகளின் இன்ஜின்கள் எளிய அமைப்புடையவை. ஃபோர்டு நிறுவனம் 1965 முதல் 1996 வரை தன் டிரக்குகளில் பொருத்திய 300 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு, பிஸ்டன் முதல் கேஸ்கெட் வரை இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. பொறுமையுள்ள எவரும் ஒரு கையேட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைப் பிரித்து, ரீபோர் செய்து, மறுபடி பூட்டிவிடலாம். வண்டி முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் துரு தின்றுவிட்டால் அப்படிச் சரிசெய்ய முடியாது. வண்டி மீளுமா மீளாதா என்பதைத் துருவே முடிவு செய்கிறது; அந்தத் துருவை எங்கே தேட வேண்டும் என்பதை ஒரு துளி உப்பு நீரை வைத்தே விளக்கிவிடலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உலோக அரிமானத்தை ஆராய்ந்த யூ. ஆர். எவன்ஸின் பெயரால் அறியப்படும் சோதனை அது. நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்பு நீரை விட வேண்டும். இரும்பு கரைந்து வந்தால் நீலமாகவும், நீர் காரத்தன்மை அடைந்தால் இளஞ்சிவப்பாகவும் மாறும் இரண்டு வேதிப்பொருள்களை முன்கூட்டியே அந்த நீரில் கலந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகிறது, விளிம்பு இளஞ்சிவப்பாகிறது, இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தோன்றுகிறது. துளியின் விளிம்பு மெல்லியது என்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதில் இரும்பை எட்டுகிறது. ஆழமான நடுப்பகுதியிலோ இருந்த ஆக்சிஜன் தீர்ந்த பிறகு புதிதாக வந்து சேர்வது குறைவு. இந்த வேறுபாடு ஒன்றே போதும், அந்தத் துளி ஒரு சிறிய மின்கலமாகிவிடுகிறது. நடுவில் உள்ள இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்புக்குச் சென்று, அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன. கரைந்த இரும்பும் காரமும் சந்திக்கும் இடைவெளியில்தான் பழுப்புத் துரு படிகிறது.

இந்தச் சோதனை சொல்லும் செய்தியைப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. துரு கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு, இரும்பு உண்மையில் கரையும் இடம் வேறு. காற்று பட்டுக்கொண்டிருக்கும் இரும்புதான் கெடும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம்; ஈரம் சேர்ந்திருக்கும்போதோ, காற்று குறைவாக எட்டும் மூலைதான் தன்னைக் கரைத்துக்கொண்டு, காற்றோட்டமுள்ள பக்கத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. ரிவெட் அடித்து இணைத்த இரு தகடுகளின் இடுக்கு, சேஸிஸின் மேல் அப்பிக் காய்ந்த சேற்றின் அடிப்புறம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் பேனலின் உட்புற மடிப்பு, கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள் ஆகியவை அனைத்தும் எவன்ஸின் துளியுடைய நடுப்பகுதிகள்தாம். ராக்கர் பேனலில் உள்ளே புகும் நீர் வெளியேறத் தொழிற்சாலையிலேயே துளைகள் விட்டிருக்கிறார்கள். இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால், வெளிப்புறப் பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து தகடு சல்லடையாகிவிடும்.

உப்பு இதை ஏன் இவ்வளவு விரைவாக்குகிறது? நான் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தில் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கரைந்த நீரின் உறைநிலை, செறிவு சரியாக அமைந்தால், மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்பதே இதற்குக் காரணம். அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் அடியிலேயே ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இயங்குகிறது. அந்த உப்பு சக்கரங்களால் வாரியிறைக்கப்பட்டு வண்டியின் அடிப்பாகத்தில் படிந்ததும் மூன்று வேலைகளைச் செய்கிறது. நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டுவதால் நாம் மேலே பார்த்த மின்கலம் வேகமாக ஓடுகிறது. குளோரைடு அயனிகள் இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை ஊடுருவி உடைக்கின்றன. மூன்றாவதாக, உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தூய இரும்பு துருப்பிடிக்கக் காற்றின் ஈரப்பதம் பொதுவாக 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். சாலைகளில் சமையல் உப்போடு பயன்படுத்தப்படும் மெக்னீசியம் குளோரைடோ, ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிந்து நீராகிவிடும். ஆகவே மழை நின்று, தரை காய்ந்து, வண்டி வெயிலில் நிற்கும் நாளிலும் அந்த இடுக்குகள் ஈரமாகவே இருக்கின்றன. உப்புச் சேறு அப்பிய வண்டியைக் கழுவாமல் வெதுவெதுப்பான கராஜில் கொண்டுபோய் நிறுத்துவது, வெளியே உறைபனியில் நிறுத்துவதைவிடக் கெடுதல் என்பதற்கும் காரணம் இதுவே: உறைந்த நீரில் வேதிவினை ஏறக்குறைய நின்றுவிடுகிறது, வெப்பம் அதை மறுபடி எழுப்புகிறது.

இவற்றையெல்லாம் அறிவதற்கு முன்பு நான் வாங்கிய முதல் வண்டி 1978 ஆம் ஆண்டின் எஃப்-100. குனிந்து பார்த்தபோது அடிப்பாகம் முழுவதும் அண்டர்கோட் என்ற கறுப்புக் காப்புப் பூச்சு புதிதாகப் பூசப்பட்டு, அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. விற்றவர் வண்டியைப் பேணியிருக்கிறார் என்று மகிழ்ந்தேன். ஆறு வாரம் கழித்து, பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டின் அருகே ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்துச் சற்றே அழுத்தினேன். அது ஓசையே இல்லாமல் உள்ளே போயிற்று. நெம்பியபோது ரப்பர் போன்ற கறுப்புத் தோல் உரிந்து, அதன் அடியிலிருந்து பேக்கரி பஃப்ஸின் மேலோடு போல அடுக்கடுக்கான துரு என் முகத்தின் மேல் உதிர்ந்தது. துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைக்கும்; ரிவெட் இட்ட இடுக்கில் அது பெருகும்போது கனமான தகடுகளையே பிளந்து விலக்கிவிடும். அந்த அண்டர்கோட்டில் விழுந்த ஒரு மயிரிழை விரிசலின் வழியாக நீர் உள்ளே சென்றிருந்தது, வெளியே வர வழியில்லை. துருவைத் தடுக்கவென்று பூசப்பட்ட பொருளே காற்று எட்டாத ஓர் இடுக்கை வண்டியின் நீளத்துக்கும் உண்டாக்கிவிட்டது.

அதன் பிறகு ஒரு சிறு சுத்தியல், ஒரு காந்தம், ஒரு டார்ச் இல்லாமல் நான் எந்த வண்டியையும் பார்க்கப் போவதில்லை. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோலச் சேஸிஸை நுனி முதல் நுனி வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துரு அடுக்கு உள்ள இடத்தில் ஒலி மழுங்கி, பொத்தென்று விழும். காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி கேபினின் கீழ்மூலைகளிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்தினால், பட்டி என்ற நிரப்புப் பசையால் மூடிய இடங்களில் அது ஒட்டாமல் நழுவும். ஓட்டை எங்கே என்பதும் எவ்வளவு பெரியது என்பதைப் போலவே முக்கியம். அக்கால பிக்கப்புகளின் சேஸிஸ் சட்டம் பெரும்பாலும் ஆங்கில ‘சி’ எழுத்தின் வடிவிலான திறந்த வெட்டுமுகம் கொண்டது. சுமையால் அது வளையும்போது மேல் விளிம்பு அமுக்கத்தையும் கீழ் விளிம்பு இழுவிசையையும் ஏற்கின்றன. இரு விளிம்புகளையும் இணைக்கும் நடுப்பலகையின் மையக்கோட்டில் அந்த விசை ஏறத்தாழ இல்லை. எனவே நடுப்பலகையில் காசளவு ஓட்டை இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், கீழ் விளிம்பில் அதே அளவு ஓட்டை இருந்தால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவதே நல்லது.

என்னைக் கேட்டால், பனி மாநிலத்தில் மலிவாகக் கிடைக்கும் வண்டியைவிட அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலங்களிலிருந்து கூடுதல் செலவில் கொண்டுவரும் வண்டியையே பரிந்துரைப்பேன். அங்கே வெயில் டாஷ்போர்டை வெடிக்க வைத்திருக்கும், கதவு ரப்பர்களை ஓடுபோல் இறுக்கியிருக்கும், பெயின்ட்டைச் சுண்ணாம்பாக்கியிருக்கும். ஆனால் அவை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை.

இனி, கையில் இருக்கும் வண்டியின் துருவை என்ன செய்வது? வயர் பிரஷால் தேய்த்து மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த ஆண்டே கொப்புளம் கிளம்பும். துருக்குழியின் அடியில் சிக்கியிருக்கும் குளோரைடு கரைந்த இரும்போடு சேர்ந்து, நீரில் பிரிந்து அமிலத்தை உண்டாக்கி, அந்த அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. குளோரைடு செலவாவதில்லை, சுழன்றுகொண்டே இருக்கிறது. ஆகவே முதல் வேலை உப்பை வெளியேற்றுவது: வெந்நீரை அழுத்தத்தில் பாய்ச்சி, உலர விட்டு, மறுபடி கழுவுவது.

பிராக்கெட், கீல் போன்ற சிறு பாகங்களுக்கு நான் மிகவும் விரும்பும் முறை மின்பகுப்பு. துருவை உண்டாக்கிய அதே மின்வேதியியலை இங்கே எதிர்த்திசையில் ஓட்டுகிறோம். ஒரு பிளாஸ்டிக் வாளி நீரில் நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் பாகத்தையும் நேர்முனையில் வேண்டாத ஓர் இரும்புத் துண்டையும் இணைக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பாகத்தின் மேலெல்லாம் ஹைட்ரஜன் நுண்குமிழ்களாகக் கிளம்பும்; செம்பழுப்புத் துருவில் ஒரு பகுதி எலக்ட்ரான் பெற்றுக் கறுத்து இளகும். மறுநாள் காலையில் எடுத்து பிரஷால் தேய்த்தால் வார்ப்பில் பொறித்த பாக எண்கூடத் தெளிவாகத் தெரியும். நல்ல இரும்பில் ஒரு துளிகூடக் குறைவதில்லை. இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், ஏனெனில் ஹைட்ரஜன் தீப்பற்றும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும்; நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைத்தால் நஞ்சான குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். ஸ்பிரிங் பட்டைகளையும் கடினமாக்கிய போல்ட்டுகளையும் இதில் போடவே கூடாது, ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை நொறுங்கும்படி செய்துவிடும்.

வாளியில் அடங்காத பரப்புகளுக்குத் துரு மாற்றி என்ற திரவத்தைப் பூசுகிறார்கள். அதிலுள்ள டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலமான, நீரில் கரையாத சேர்மமாகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தை அன்னபேதி என்ற இரும்பு உப்போடு சேர்த்து நம்மவர்கள் கறுப்பு மை காய்ச்சியது இதே வேதிவினையால்தான். இது மேலோட்டமான துருவுக்கு ஏற்றது. அடுக்குத் துருவின் அடிவரை ஊடுருவாது.

ஓட்டை விழுந்த தகட்டுக்கு மருந்து கிடையாது. நல்ல உலோகம் தென்படும் வரை வெட்டியெடுத்து, அதே தடிமனில் புதிய தகட்டை வைத்து மிக் வெல்டிங் செய்ய வேண்டும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தகடு என்பதால் தொடர்ச்சியாக வெல்டு வைத்தால் வெப்பத்தில் நெளிந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். பட்டி நீரை உறிஞ்சும் பொருள்; ஆகவே வெறும் தகட்டின் மேல் முதலில் எபாக்சி பிரைமரும் அதன் மேல்தான் பட்டியும் வர வேண்டும். பிரேக் குழாய்களைப் பொறுத்தவரை யோசனைக்கே இடமில்லை. பழைய எஃகுக் குழாய் எப்படித் தோன்றினாலும் கழற்றி எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவைக் குழாயைப் பொருத்த வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் ராக்கர் பேனல் போன்ற மூடிய அறைகளுக்குள், நீண்ட மெல்லிய குழாயின் வழியாக உள்ளறை மெழுகைத் தெளிக்கிறோம். அண்டர்கோட்டைப் போல இது இறுகி வெடிப்பதில்லை. இளகிய நிலையிலேயே இருந்து, மடிப்புகளின் நுண்ணிடுக்குகளுக்குள் ஊர்ந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. கீழே உள்ள வடிகால் துளைகளில் மெழுகு சொட்டத் தொடங்கினால் அது அடிமடிப்பு வரை சென்றுவிட்டது என்று பொருள். சொட்டு நின்றதும் ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு துளையிலும் விட்டுத் திறந்துவிட வேண்டும். மெழுகே துளையை அடைத்துக்கொண்டால், அடுத்த பனிக்காலத்து உப்பு நீர் மறுபடியும் உள்ளேயே நிற்கும்.